சால்டரிங் மேசை: கால்குலேட்டர் கிட் குறித்த வாசகர் கேள்விகள்

உதிரிபாகங்களை வாங்கி வீட்டிலேயே சால்டர் செய்து (ஈயத்தை உருக்கிப் பற்றுவைத்து) பூட்டிக்கொள்ளும் கால்குலேட்டர் கிட் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் இந்த இதழின் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. நீண்ட கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஆன்லைனில் கால்குலேட்டர் கிட் ஒன்றைப் பார்த்துவிட்டு, வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளை அதைவிட அதிக விலை கொடுத்து, துண்டு துண்டாக வாங்குவது வீண் செலவு இல்லையா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: கணக்குப் போடுவதற்காக என்றால் வீண் செலவுதான், அதில் ஐயமே வேண்டாம். ஒரு காலத்தில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் 1971-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 816 என்னும் கால்குலேட்டர், கிட்டாக வாங்கினால் 179 டாலர், பூட்டி முடித்ததாக வாங்கினால் 275 டாலர். பிரிட்டனில் 1973-இல் வந்த சின்க்ளேர் கேம்பிரிட்ஜும் அப்படியே இரண்டு விலையில் கிடைத்தது. அன்று கிட் வாங்கியவர் தம் கையுழைப்பைக் கொடுத்து விலையைக் குறைத்துக்கொண்டார். இன்று தொழிற்சாலையில் பூட்டும் கூலி ஏறத்தாழ இல்லை என்றே ஆகிவிட்டது. மலிவான கால்குலேட்டர் ஒன்றைத் திறந்து பார்த்தால் போர்டின் நடுவே கறுப்புப் பொட்டுப் போல ஒரு பிசின் குமிழ் மட்டும் தெரியும். அதனடியில் சிப்பும், அதிலிருந்து புறப்படும் மெல்லிய தடங்களும் உண்டே தவிர, கழற்றிப் பூட்டுவதற்கோ தொட்டுப் பார்ப்பதற்கோ வேறு எதுவும் இருக்காது.

எனவே கிட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், அந்தக் குமிழுக்குள் மூடிவைத்ததை வெளியே பரப்பிக் காட்டுவதற்கான விலை. சிப் எப்படிக் கூட்டுகிறது, பெருக்குகிறது என்பதை மட்டும் கிட்டும் காட்டாது; அந்தப் புரோகிராம் முன்கூட்டியே சிப்பில் ஏற்றப்பட்டு வருகிறது. பதினாறு பட்டன்களை ஒரு சிப் எப்படி அடையாளம் காண்கிறது, டிஸ்பிளேவுக்கு எண் எப்படிப் போகிறது, ஒரேயொரு சரியில்லாத பற்று முழுக் கருவியையும் எப்படி நிறுத்திவிடுகிறது ஆகியவற்றைத்தான் உங்கள் மகன் கற்றுக்கொள்வான். அவற்றில் அவனுக்கு ஆர்வம் இருப்பதாகத் தோன்றினால் வாங்கிக் கொடுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். உதிரிபாகங்களின் கால்கள் போர்டின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் வருபவையாக இருக்க வேண்டும். மேற்பரப்பிலேயே ஒட்டும் அரிசி அளவுச் சில்லுகள் முதல் முறை செய்பவருக்கு ஏற்றவை அல்ல. சிப்பை நேரடியாகச் சால்டர் செய்யாமல் செருகுவதற்கு ஐ.சி. பேஸ் தந்திருக்க வேண்டும். சர்க்யூட் வரைபடம் கட்டாயம் வேண்டும். எந்த எண்ணுள்ள பாகம் எங்கே என்ற பட்டியலை மட்டும் தந்து வரைபடத்தைத் தராத கிட்டை, விலை குறைவாக இருந்தாலும் விட்டுவிடலாம். சால்டரிங் அயர்ன் நெருப்புக்கு நிகரான சூடுள்ளது என்பதால், ஒன்பதாம் வகுப்பு மாணவனானாலும் முதல் சில நாள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

கேள்வி: என்னென்ன கருவிகள் வேண்டும்? எங்கள் வீட்டில் ரேடியோ பழுதுபார்க்க வைத்திருந்த 60 வாட் அயர்ன் இருக்கிறது. அதுவே போதுமா? சாமான்களை எங்கே வாங்கலாம்?
– பாலிடெக்னிக் மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: 60 வாட் அயர்ன் தடித்த ஒயருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்கும் உகந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத அத்தகைய அயர்னை மெல்லிய போர்டில் வைத்தால் துளையைச் சுற்றியுள்ள காப்பர் வளையம் பெயர்ந்து வந்துவிடும். 25 வாட் அயர்ன், கூரிய முனையுடன் இருந்தால் போதும். வெப்பநிலையைத் திருகி வைக்கக்கூடிய வகை என்றால் 330 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை வைத்துக்கொள்ளலாம்.

ஈயக் கம்பியில் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த, உள்ளே பற்றுப் பிடிக்க உதவும் ரோசின் ஃப்ளக்ஸ் நிரப்பிய வகையை வாங்குங்கள். அது 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும். காரீயம் கலக்காத வகை உருகுவதற்கு ஏறத்தாழ 217 டிகிரி தேவைப்படும் என்பதால் புதியவர் கைக்கு அது சற்று முரண்டு பிடிக்கும். காரீயம் நஞ்சு, வேலை செய்யும்போது எதையும் தின்னாமல் இருப்பதும், முடித்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், சன்னல் ஓரமாக உட்கார்ந்து புகை முகத்தில் படாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். பாத்திரத்துக்கும் தகரத்துக்கும் பற்றுவைக்கப் பயன்படும் அமில ஃப்ளக்ஸை எக்காரணம் கொண்டும் இந்தப் போர்டில் தடவாதீர்கள். அன்று பற்று அருமையாக அமையும்; சில மாதத்தில் காப்பர் பச்சை பூத்து அரித்துப்போயிருக்கும்.

இவற்றோடு கட்டர், நோஸ் பிளையர், தவறான பற்றை உறிஞ்சி எடுக்கும் டீசால்டரிங் பம்ப், இரண்டு இடங்களுக்கு இடையே இணைப்பு இருந்தால் பீப் ஒலி தரும் கன்டினியூட்டி வசதியுள்ள மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். மல்டிமீட்டரை வசதி இருந்தால் வாங்கிக்கொள்ளும் பொருளாக நினைக்க வேண்டாம். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் பக்கத்தவர்களுக்கு ஓசூரைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவின் எஸ்.பி. ரோடுதான் வசதியான சந்தை. ஒரு பாகம் தொலைந்துபோனாலும் சில்லறையாக ஒன்றிரண்டு வாங்க முடியும் என்பதே ஆன்லைனைவிட அங்கே உள்ள நன்மை.

கேள்வி: நான் வைக்கும் ஈயம் எல்லாம் உருண்டை உருண்டையாக நிற்கிறது. எந்தப் பாகத்தை முதலில் வைப்பது என்பதிலும் குழப்பமாக இருக்கிறது.
– தையல் கடை வைத்திருப்பவர், அரூர்

பதில்: உருண்டையாக நிற்பதற்குக் காரணம், நீங்கள் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி, அந்தத் துளியைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பதாகத்தான் இருக்கும். அப்போது காப்பர் குளிர்ந்தே இருக்கிறது. ஃப்ளக்ஸும் வழியிலேயே புகைந்து போய்விடுகிறது. முனையை ஈரமான ஸ்பாஞ்சில் துடைத்து, பாகத்தின் காலும் காப்பர் வளையமும் ஒரே நேரத்தில் தொடுமாறு வைத்து, ஓரிரு நொடி சூடேற விடுங்கள். பிறகு ஈயக் கம்பியை அயர்னில் அல்லாமல் எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தக் காலில் தொடுங்கள். கால் போதிய சூட்டில் இருந்தால் ஈயம் தானாகவே வளையத்தைச் சுற்றிப் பரவும். முதலில் கம்பியை எடுத்து, அடுத்து அயர்னை எடுத்து, ஈயம் இறுகும்வரை போர்டை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். சரியான பற்று அடி அகன்று மேலே குறுகி, பக்கங்கள் சற்று உள்வாங்கி, நடுவே காலின் உருவம் தெரியும்படி பளபளப்பாக இருக்கும். மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்று. மீண்டும் சூடாக்கித் துளி ஈயம் சேர்த்தால் சரியாகிவிடும்.

வரிசையைப் பொறுத்தவரை உயரம் குறைந்ததிலிருந்து உயரம் கூடியதற்குப் போவது வழக்கம். ரெசிஸ்டர்கள், சிறிய செராமிக் கெபாசிட்டர்கள், கிரிஸ்டல் (சிப்புக்குத் துடிப்புத் தருவது), ஐ.சி. பேஸ், பட்டன்கள் என்று போய், டிஸ்பிளேவையும் செல் ஹோல்டரையும் கடைசியில் வையுங்கள். போர்டைத் திருப்பி மேசைமேல் வைத்தால் பாகம் கீழே விழாமல் மேசையே தாங்கிக்கொள்ளும் என்பதே இதன் காரணம். நீல உடல் கொண்ட ஐந்து பட்டை ரெசிஸ்டர்களில் சிவப்புக்கும் பழுப்புக்கும் டியூப் லைட் வெளிச்சத்தில் வேறுபாடு தெரியாது. பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்றால் 10 கிலோ ஓம். அந்தச் சிவப்பைப் பழுப்பாகப் பார்த்துவிட்டால் 1 கிலோ ஓம் என்று ஆகிவிடும். நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து வையுங்கள்.

பட்டன்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு பட்டனிலும் ஒரு காலை மட்டும் முதலில் பற்றி, போர்டைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்து, எல்லாம் போர்டோடு படிந்து ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்த பிறகு மற்ற மூன்று கால்களைப் பற்றுங்கள். சாய்ந்து நிற்கும் ஒரு பட்டன், மேல்மூடியின் துளைக்குள் நுழையாமல் கடைசி நேரத்தில் தொல்லை தரும். மேல்மூடி என்றதும் நினைவுக்கு வருகிறது: அக்ரிலிக் தகட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பழுப்புத் தாள், கீறல் விழாமல் இருப்பதற்கான உறை. அதுவே மூடியின் நிறம் என்று எண்ணி, அப்படியே பூட்டிவிட்டு டிஸ்பிளே தெரியவில்லை என்று எழுதியவர்களும் உண்டு.

சிப்பை உடனே பேஸில் செருகிவிடாதீர்கள். முதலில் செல்லைப் போட்டு, பேஸில் சிப்புக்கு மின்சாரம் வரவேண்டிய இரண்டு துளைகளில் மட்டும் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். 28 கால்கள் உள்ள ஏடிமெகா 328 சிப் வரும் கிட்டுகளில் 7-ஆம் கால் பிளஸ், 8-ஆம் கால் மைனஸ். அங்கே சரியாக இருந்தால் செல்லை எடுத்துவிட்டு, சிப்பின் அரைவட்ட வெட்டும் பேஸின் அரைவட்ட வெட்டும் ஒரே பக்கம் இருக்குமாறு வைத்து அழுத்துங்கள்.

கேள்வி: ஐயா, மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஓய்வு நேரத்தில் கால்குலேட்டர் கிட் ஒன்றைப் பூட்டினேன். டிஸ்பிளே வேலை செய்கிறது. ஆனால் 4, 5, 6, பெருக்கல் ஆகிய நான்கு பட்டன்கள் மட்டும் செத்துக் கிடக்கின்றன. விற்றவரைக் கேட்டால் சிப் போய்விட்டது, வேறு கிட் வாங்குங்கள் என்கிறார். சரியா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: சரியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் எழுதிய நான்கு பட்டன்களின் பெயரே பழுது எங்கே என்பதைப் பாதி சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பதினாறு பட்டன்களுக்குப் பதினாறு தனித்தனி இணைப்புகள் கொடுத்தால் சிப்பில் கால்கள் போதாது. ஆகவே பள்ளிக் கணக்கில் அணிகளை எழுதுவதுபோல் பட்டன்களை நான்கு நிரைகளாகவும் (கிடைவரிசை) நான்கு நிரல்களாகவும் (மேலிருந்து கீழ்) அடுக்கி, நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என எட்டுத் தடங்களோடு முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பட்டனும் ஒரு நிரையும் ஒரு நிரலும் குறுக்கிடும் இடத்தில் நிற்கிறது. அழுத்தினால் அந்த இரண்டு தடங்களும் ஒன்றோடொன்று சேர்கின்றன. நிரல் தடங்கள் நான்கும் சாதாரண நிலையில் உயர்ந்த வோல்டேஜில் இருக்கும். சிப், முதல் நிரையை மட்டும் சுழிய வோல்டேஜுக்கு இறக்கி, நிரல்களில் எதுவாவது கூடவே இறங்குகிறதா என்று பார்க்கும். பின் அதை விட்டுவிட்டு இரண்டாம் நிரையை இறக்கிப் பார்க்கும். இப்படி நான்கு நிரைகளையும் சுற்றிவர ஒரு சில மில்லி நொடிகளே ஆகும். இரண்டாம் நிரையை இறக்கிய வேளையில் இரண்டாம் நிரல் இறங்கினால் அழுத்தப்பட்டது 5 என்று அது முடிவுசெய்யும்.

உங்கள் கருவியில் மேலே 7, 8, 9, வகுத்தல். அடுத்து 4, 5, 6, பெருக்கல். இதுதான் வழக்கமான அமைப்பு. இரண்டாம் நிரை முழுவதும் செத்திருக்கிறது. ஆனால் அதே நிரல்களில் உள்ள மற்றப் பட்டன்கள் வேலை செய்கின்றன. ஆகவே நிரல்கள் நான்கும் நலம், சிப் ஓடிக்கொண்டிருக்கிறது, டிஸ்பிளேவுக்கும் குறையில்லை. நான்கு பட்டன்களும் ஒரே நேரத்தில் கெடுவதற்கும் நியாயமில்லை. மீதமிருப்பது, சிப்பிலிருந்து இரண்டாம் நிரைக்குப் போகும் ஒரே ஒரு தடம். அது சிப்புக்கும் அந்த நிரையின் முதல் பட்டனுக்கும் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது.

செல்லை வெளியே எடுத்துவிட்டு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். வரைபடத்தைப் பார்த்து, இரண்டாம் நிரைக்குரிய சிப் காலைக் கண்டுபிடியுங்கள். ஒரு முள்ளை அந்தக் காலின் மேலேயே வையுங்கள். பேஸின் உலோகத்தில் வைக்காதீர்கள், வித்தியாசம் இருக்கிறது. மற்ற முள்ளை 4 பட்டனில் அந்தத் தடம் வந்து சேரும் காலில் வையுங்கள். பீப் வராவிட்டால் முதல் முள்ளைப் போர்டின் அடிப்பக்கம் அதே பேஸ் காலின் பற்றுக்கு மாற்றுங்கள். இப்போது பீப் வந்தால் சிப்புக்கும் பேஸுக்கும் இடையில்தான் குறை: சிப்பின் கால் துளைக்குள் இறங்காமல் அடியில் உள்பக்கமாக மடங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாக் கால்களும் உள்ளே போனது போலத்தான் தோன்றும். சாய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் தெரியும். புதிய சிப்பின் கால்கள் பேஸின் அகலத்தைவிடச் சற்று விரிந்தே வருவதால், செருகும் முன் மேசையின் மேல் ஒருபக்கமாக வைத்து மெல்ல அழுத்தி நேராக்காவிட்டால் இப்படி ஆகும். சிப்பைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் இரு முனையிலும் மாறி மாறி நெம்பி எடுத்து, நோஸ் பிளையரால் அந்தக் காலை நிமிர்த்திச் செருகுங்கள். இரண்டாவது அளவிலும் பீப் வராவிட்டால் பேஸ் காலின் பற்றை மீண்டும் சூடாக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் தடத்தில் கீறல் இருக்கும், மெல்லிய ஒயரால் இரு முனைகளையும் இணைத்துவிடலாம்.

சிப்பின் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் அதையும் தீர்த்துக்கொள்ளலாம். செல்லைப் போட்டு இயங்கவிட்டு, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு காலை இரண்டாம் நிரைக்குரிய சிப் காலிலும், மறுகாலை இரண்டாம் நிரலுக்குரிய சிப் காலிலும் தொட்டுப் பாருங்கள். பட்டன் செய்யும் வேலையைத்தான் இப்போது நீங்கள் செய்கிறீர்கள். டிஸ்பிளேயில் 5 விழுந்தால் சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் ஒயருக்குப் பதில் ரெசிஸ்டரைச் சொல்வது, கை தவறிப் பக்கத்துக் காலில் பட்டாலும் பெரிய கேடு வராமல் இருப்பதற்காக.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால் மற்றப் பழுதுகளும் பிடிபடும். 4 வேலை செய்து, 5, 6, பெருக்கல் மட்டும் செத்திருந்தால் அறுந்த இடம் 4-க்கும் 5-க்கும் நடுவே. இங்கே ஒரு பொறி உண்டு. நான்கு கால் பட்டனில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளுக்குள்ளேயே எப்போதும் சேர்ந்திருக்கும். சில போர்டுகளில் அந்தச் சேர்க்கையையே பாலமாகக் கொண்டு தடத்தை அடுத்த பட்டனுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அப்படியானால் 4-இன் ஒரு காலில் பற்று விட்டுப்போனதால் 5 சாகும்; 4 மட்டும் எனக்கென்ன என்று வேலை செய்துகொண்டிருக்கும். 8, 5, 2, 0 என்று ஒரே நிரலில் உள்ளவை செத்தால் நிரல் தடத்தைப் பாருங்கள். ஒரு பட்டன் மட்டும் செத்தால் அதன் சொந்தக் கால்களைப் பாருங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் அடுத்த நிரலின் எண் வருவதும், இரண்டும் கலந்து வருவதும் பக்கத்துப் பற்றுகள் ஈயத்தால் ஒட்டிக்கொண்டதன் அடையாளம். யாரும் தொடாமலே ஓர் எண் தானாக விழுந்துகொண்டிருந்தால், அந்தப் பட்டனைக் கால்வட்டம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். சாதாரண 6 மில்லிமீட்டர் பட்டனில் கால்களின் இடைவெளி ஒருபக்கம் 6.5, மறுபக்கம் 4.5 மில்லிமீட்டர் என்பதால் திருப்பி வைத்தால் எளிதில் நுழையாது. ஆனால் காலை வளைத்து நுழைத்துவிடும் கைகளும் நம்மிடம் உண்டு.

ஏழு கோடு எல்.இ.டி. டிஸ்பிளே உள்ள சில கிட்டுகளில் நிரைத் தடங்களே டிஸ்பிளேயின் இலக்கங்களை மாற்றி மாற்றி எரியவைக்கும் தடங்களாகவும் இருக்கும். அவற்றில் ஒரு நிரையோடு சேர்ந்து ஓர் இலக்கமும் அணைந்திருந்தால் தேட வேண்டிய இடம் இன்னும் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: மாணவர்களுக்குக் காட்டுவதற்காகப் பள்ளியில் ஒரு கிட் செய்தோம். 1-ஐ 3-ஆல் வகுத்து 3-ஆல் பெருக்கினால் 0.9999999 என்கிறது. 2 + 3 × 4 என்றால் 20 என்கிறது. மாணவர்கள் சிரிக்கிறார்கள். கிட் தவறா?
– கணித ஆசிரியை, பென்னாகரம்

பதில்: இரண்டுமே பழுது அல்ல. முதலாவதில், எட்டு இலக்கம் கொண்ட கருவி மூன்றில் ஒன்றை 0.3333333 என்று வெட்டி வைத்துக்கொள்கிறது. அதை மூன்றால் பெருக்கினால் அந்த விடைதான் வரும். திரையில் காட்டாத ஓரிரு கூடுதல் இலக்கங்களை உள்ளே வைத்திருக்கும் கருவிகள் கடைசியில் முழுமையாக்கி 1 என்று காட்டிவிடும். இரண்டாவதில், கடைக்காரர் பயன்படுத்தும் எளிய கால்குலேட்டர் பட்டன் விழுந்த வரிசையிலேயே கணக்கை முடித்துக்கொண்டு போகிறது. பெருக்கல் பட்டனை அழுத்தியவுடன் 2 + 3 ஏற்கெனவே 5 ஆகிவிட்டது. பெருக்கலுக்கு முன்னுரிமை தந்து 14 சொல்வது சயன்டிஃபிக் வகை. மண்டிக் கணக்கு எழுதுபவருக்கு முதல் வகைதான் கைக்கு இசைவானது.

உங்கள் வகுப்புக்கு இன்னும் சுவையான ஒரு சோதனை இருக்கிறது. எட்டு இலக்கம் காட்டும் கிட்டில் 16777216 என்று அடித்து 1 கூட்டுங்கள். 16777217 வந்தால் அந்தச் சிப் முழு எண்களாகவோ, ஒவ்வொரு பதின்ம இலக்கத்தையும் நான்கு பிட்டுகளில் (பிட் என்பது 0 அல்லது 1 என்னும் இரும இலக்கம்) தனித்தனியாக வைத்தோ, இன்னும் அகலமான இருமத்திலோ கணக்கிடுகிறது. 16777216 என்றே அசையாமல் நின்றால், புரோகிராம் எழுதியவர் 32 பிட் மிதக்கும் புள்ளி முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். அதில் எண்ணுக்கென்று 24 இருமப் பிட்டுகளே உண்டு. 16777216 என்பது 2-இன் 24-ஆம் அடுக்கு. அதைத் தாண்டியவுடன் ஒற்றைப்படை எண்களுக்கு அங்கே இடமில்லை. அதே முறையில் 0.1 என்னும் எளிய எண்கூட, நமக்கு மூன்றில் ஒன்று போல, முடிவில்லாத இரும வரிசையாகிவிடுகிறது. பழைய கால்குலேட்டர் சிப்புகள் இலக்கத்துக்கு நான்கு பிட் என்ற பதின்ம வழியைப் பின்பற்றியதற்கு இதுவும் ஒரு காரணம். பணக் கணக்கில் பத்துப் பைசாவைச் சரியாகப் பத்துப் பைசாவாகவே வைத்திருக்க வேண்டுமல்லவா?

கேள்வி: என் கிட்டில் இரண்டு வரி டிஸ்பிளே இருக்கிறது. மேல் வரியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் தெரிகின்றன. தம்பி செய்த எல்.இ.டி. வகை நன்றாக இயங்குகிறது. ஆனால் பட்டன் செல் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: 1602 என்னும் அந்த டிஸ்பிளேயில் மேல் வரி மட்டும் கட்டங்களாக நின்றால், மின்சாரம் வந்திருக்கிறது, ஆனால் சிப்பிலிருந்து தொடக்கக் கட்டளைகள் போய்ச் சேரவில்லை என்று பொருள். சிப் சரியான பக்கம் செருகப்பட்டிருக்கிறதா, கிரிஸ்டலின் இரு கால்களும் நன்றாகப் பற்றியிருக்கின்றனவா, டிஸ்பிளேயின் பதினாறு கால்களில் எதுவும் விட்டுப்போகவில்லையா என்று பாருங்கள். மாறாக ஒன்றுமே தெரியாவிட்டால் சிப்பைக் குறை சொல்லும் முன், கான்ட்ராஸ்டைக் கூட்டிக் குறைக்கும் சிறிய நீலப் ப்ரிசெட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருகுங்கள்.

தம்பியின் குறைக்கு மருந்து இல்லை. சி.ஆர்.2032 செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. அதுவும் மிகக் குறைந்த மின்னோட்டம் எடுத்தால்தான். எல்.இ.டி. இலக்கங்கள் 10 மில்லி ஆம்பியர் எடுத்தாலே ஏட்டுக் கணக்கில் 22 மணி நேரம். நடைமுறையில் அதைவிடக் குறைவு. இரண்டு பென்சில் செல்களை வெளியே ஹோல்டரில் வைத்து இணைத்தால் அதே 3 வோல்ட் நெடுநாள் வரும்.

இன்னொன்று. பட்டன் செல்லைச் சிறு குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். வாந்தியெடுக்க வைக்க முயலாமல் அந்த நொடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஹோல்டரின் மேல் திருகு வைத்த மூடி உள்ள கிட்டையே வாங்குங்கள். தீர்ந்த செல்லையும் மேசையில் போட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: கிட்டில் வந்த புரோகிராமை மாற்றி, நானே எழுதியதை ஏற்ற முடியுமா?
– பொறியியல் கல்லூரி மாணவி, ஊத்தங்கரை

பதில்: முடியும், சொல்லப்போனால் நீங்கள் கேட்பதுதான் இந்தத் துறையின் தொடக்கமே. ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் தன் கால்குலேட்டருக்காகக் கேட்டதன் விளைவாகவே இன்டெல் 4004 உருவானது. கணக்கை மின்சுற்றிலேயே நிரந்தரமாகப் பதித்துவிடாமல், பொதுவான ஒரு சிப்பைச் செய்து கணக்கைப் புரோகிராமாக எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தின் விளைவாகப் பிறந்து, 1971-இல் விற்பனைக்கு வந்தது அது. ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள் கொண்டது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன எம்.ஐ.டி.எஸ். நிறுவனமும் கால்குலேட்டர் விலைப் போட்டியில் நொடித்துப்போய், 1975-இல் ஆல்டேர் 8800 என்னும் கணினியைக் கிட்டாக விற்றுத்தான் மீண்டது.

கிட்டின் சிப்பில் உள்ள புரோகிராம் பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும். படித்து எடுக்க முடியாது, அழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் முடியும். எனவே பூட்டிய கருவியை அப்படியே வைத்துக்கொண்டு, நாமே புரோகிராம் ஏற்றக்கூடிய ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, பதினாறு பட்டன் கீபேட், 1602 டிஸ்பிளே ஆகியவற்றைத் தனியாக வாங்கித் தொடங்குவது நல்லது. கீபேடுக்கு எட்டு, டிஸ்பிளேவுக்கு ஆறு, மொத்தம் பதினான்கு கால்கள் வேண்டும். ஊனோவில் டிஜிட்டல் கால்கள் சரியாகப் பதினான்குதான் என்றாலும் 0, 1 இரண்டும் கணினியோடு பேசுவதற்குப் பயன்படுவதால், இரண்டு இணைப்புகளை அனலாக் கால்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவையும் டிஜிட்டலாக வேலை செய்யும்.

கூட்டல் கழித்தலுக்கு உடனே போய்விடாதீர்கள். அழுத்திய பட்டனின் எண் டிஸ்பிளேயில் ஒரே ஒரு முறை விழுவதை முதலில் சாதியுங்கள். பட்டனின் உலோகம் சேரும்போது சில மில்லி நொடி துள்ளித் துள்ளித்தான் நிலைக்கும் என்பதால், 5-ஐ ஒருமுறை அழுத்தினால் 555 என்று விழும். முதல் தொடுகையைக் கண்டவுடன் 20 மில்லி நொடி காத்திருந்து, அப்போதும் அழுத்தம் இருந்தால் மட்டும் எண்ணை ஏற்று, கையை எடுக்கும்வரை அடுத்ததை ஏற்காமல் இருக்குமாறு எழுதுங்கள். அது ஒழுங்காக வந்த பிறகு, 7, 8, 4 மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். தொடாத 5-உம் அழுத்தப்பட்டதாக உங்கள் புரோகிராமுக்குத் தெரியக்கூடும். நிரை, நிரல் தடங்களை ஒரு தாளில் வரைந்து, அந்த மூன்று பட்டன்களின் வழியாக மின்சாரம் எப்படிச் சுற்றிப்போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்தால் காரணம் புலப்படும். தடுக்கும் வழி ஒவ்வொரு பட்டனோடும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடைச் சேர்ப்பது, அல்லது ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வந்தால் எதையும் ஏற்காமல் விடுமாறு புரோகிராம் எழுதுவது. கால்குலேட்டருக்கு இரண்டாவதே போதும்.